மதம் எங்கிருந்து வந்தது? மானிடவியல் கேள்வி பதில்

பயத்தில்தான் கடவுள் பிறந்தார் என்கிறார்களே, சரியா சார்?

பாதிதான் சரி. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக்கின் த்ரோப்ரியாண்ட் தீவுகளில் ஒன்றைக் கவனித்தார். காயலில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பது சுலபம், மீன் கிடைப்பதும் உறுதி. அங்கே மந்திரம் கிடையாது. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போதோ மந்திரச் சடங்கு விரிவாக நடக்கும். சடங்கு எங்கே அடர்த்தியாகிறது என்பதை இது காட்டுகிறது. நம்பிக்கை எப்படித் தோன்றியது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவது தவறு, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இன்னொரு மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1939இல் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்: சடங்கும் அதையொட்டிய நம்பிக்கையும் இல்லையென்றால் அந்தப் பயமே வந்திருக்காதே?

தேர்வுக்கு டைலரைப் படிக்கிறேன். அவர் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மதத்தின் தோற்றத்தை விளக்க மானிடவியலாளர் டைலர் 1871இல் எடுத்துக்கொண்டவை இரண்டு புதிர்கள். உயிருள்ள உடலுக்கும் பிணத்துக்கும் என்ன வேறுபாடு? கனவில் வந்து போகும் உருவம் யாருடையது? உயிரையும் அந்த உருவத்தையும் ஒன்றாக இணைத்ததில் ஆன்மா என்ற கருத்து பிறந்தது என்றார். அது விலங்குக்கும் மரத்துக்கும் ஆற்றுக்கும் பரவி, பல தெய்வங்களாகி, கடைசியில் ஒரே கடவுளில் முடிந்தது. இதுதான் ஆன்மவாதம்.

முதல் பாதியை இன்றும் மதிக்கலாம். ஆன்மாவிலிருந்து ஒரே கடவுள்வரை ஏறும் ஏணி மட்டும் உடைந்துவிட்டது. வேட்டையாடி வாழும் எளிய சமூகங்களிலேயே படைப்புக் கடவுள் உண்டு என்று 1898இல் ஆண்ட்ரூ லாங் எடுத்துக்காட்டினார். எவன்ஸ்-பிரிட்சர்டு 1965இல் வைத்த அடி இன்னும் பலமானது: 'நான் குதிரையாக இருந்தால் என்ன நினைப்பேன்' என்று யோசிப்பது போன்ற ஊகம் இது. விடைத்தாளில் இந்த விமர்சனத்தை விட்டுவிடாதீர்கள்.

துர்க்கைம் 'கடவுள் என்பது சமூகம்தான்' என்கிறார். புரியவேயில்லை.

சமூகவியலாளரான அவர் சொல்லும் இயக்கத்தைப் படிப்படியாகப் பாருங்கள். மத்திய ஆஸ்திரேலியாவின் அருண்டா மக்கள் ஆண்டின் பெரும்பகுதி சிறு குழுக்களாகச் சிதறி உணவு தேடுவார்கள். பிறகு சடங்குக்காக ஒன்றுகூடுவார்கள். ஆட்டம், பாட்டு, இரவெல்லாம் கொண்டாட்டம். தனியாக இருக்கும்போது இல்லாத ஒரு வேகம் ஆளைப் பற்றிக்கொள்கிறது. அது கூட்டத்திலிருந்து வருகிறது என்பது அந்த ஆளுக்குத் தெரியாது. கண்ணெதிரே இருப்பது குலக்குறி (குலத்தின் சின்னமான விலங்கோ செடியோ, 'டோட்டம்') பொறித்த சுருங்கா என்ற புனிதப் பலகையோ கல்லோ. அந்த வேகத்தை அதன்மேல் ஏற்றிவிடுகிறார். புனிதம் அங்கே பிறக்கிறது. ஆக, கும்பிடுவது உண்மையில் சமூகத்தைத்தான்.

ஓட்டைகள் இரண்டு. கூட்டம் கூடுவதே குலக்குறிச் சடங்குக்காக என்றால், விளக்க வேண்டியதை முன்கூட்டியே வைத்துக்கொண்டாயிற்று. அடுத்து, அன்றாடம் சேர்ந்து வாழும் குழு வேறு, குலக்குறிக் குலம் வேறு; அப்படியிருக்க, குலக்குறி எந்தச் சமூகத்தின் சின்னம்? இன்னொன்று: இதைச் சொல்லும் அவருடைய 1912ஆம் ஆண்டு நூலின் தரவு பெரும்பாலும் ஸ்பென்சர், கில்லன் இருவரும் தொகுத்தது, துர்க்கைம் ஆஸ்திரேலியா போனதே இல்லை.

மூளையே கடவுளை உண்டாக்குகிறது என்பது நிரூபணமாகிவிட்டதா?

இல்லை. உறுதியாகத் தெரிவது இதைவிடச் சிறியது. 1944இல் உளவியலாளர்கள் ஹைடரும் சிம்மலும் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் படத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஏறத்தாழ எல்லாரும் துரத்தல், சண்டை, பயம் என்று கதை சொன்னார்கள். ஆள் இல்லாத இடத்திலும் ஆளைக் காணும் இந்தப் பழக்கம்தான் மதத்தின் வேர் என்று 1993இல் மானிடவியலாளர் கத்ரி வாதிட்டார். பாஸ்கல் போயர் இன்னும் நுணுக்கம்: ஒரு கருத்தில் இயல்புக்கு மாறான அம்சம் ஒன்றிரண்டு இருந்தால் மனதில் நிற்கும், வேண்டுதலைக் கேட்கும் சிலை அப்படித்தான்.

ஆனால் மிக்கி மவுஸும் அப்படித்தானே, அதை யாரும் கும்பிடவில்லையே? நினைவில் நிற்பது வேறு, நம்புவது வேறு. நம்புகிறவர் உண்ணாநோன்பு, சொத்துத் துறப்பு என்று விலை கொடுப்பதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் நம்பிக்கை தொற்றுகிறது என்பது ஆய்வாளர் ஹென்ரிக்கின் பதில். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

புதைத்தார்கள் என்றாலே மறுமை நம்பிக்கை இருந்ததா?

இல்லை, நாற்றத்துக்கும் விலங்குக்கும் பயந்தும் புதைக்கலாம். கூட என்ன வைத்தார்கள் என்று பாருங்கள். இஸ்ரேலின் கஃப்ஸே குகையில், சுமார் 90,000 ஆண்டுகளுக்கும் முந்தைய அடக்கத்தில், ஓர் இளம்பிள்ளையோடு மான்கொம்பு இருந்தது. இராக்கின் ஷானிடார் குகையில் 'பூ வைத்த' நியாண்டர்தால் (அழிந்துபோன மனித இனம்) கல்லறையை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள். அந்த மகரந்தம் எலியினமோ தேனீயோ கொண்டுவந்ததாக இருக்கலாம்.

சமூகம் பெரிதானதால் 'கண்காணிக்கும் கடவுள்' (தப்புச் செய்தால் தண்டிப்பவர்) வந்தாரா, அவர் வந்ததால் சமூகம் பெரிதானதா?

தீராத சண்டை. பெரிய சமூகமே முந்தியது என்று 2019இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. தகவலே கிடைக்காத காலங்களை 'அப்படிப்பட்ட கடவுள் இல்லை' என்று கணக்கில் ஏற்றியிருந்தார்கள். எழுத்து வந்த பிறகுதான் கடவுள் பதிவாகிறார் என்பதால், முடிவு எப்படியும் 'சமூகமே முந்தியது' என்ற பக்கமே சாயும்.