தாதியான மகளை வேலையை விடச் சொல்லாதீர்கள்

அன்பின் அம்மா அவர்களுக்கு,

அரச வைத்தியசாலையில் தாதியாகப் பணியாற்றிக்கொண்டே அமெரிக்க உரிமத்துக்கான என்கிளெக்ஸ் பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்கள் மகள், பாடங்களைத் தலைகீழாக ஒப்புவித்தும் மாதிரி வினாக்களில் புள்ளி ஏறாமல் தவிக்கிறார் என்றும், வேலையை விடச் செய்து கொழும்பில் தங்கவைத்து முழுநேரமாகப் படிப்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேலையை விட வேண்டாம் என்பதே என் பதில். சம்பளத்தை எண்ணி மட்டும் இதைச் சொல்லவில்லை.

2023 ஏப்ரலில் இந்தப் பரீட்சையின் அமைப்பு மாறியது. வினாக்கள் குறைந்தது 85, கூடியது 150. நேரம் ஐந்து மணித்தியாலம். பரீட்சார்த்தியின் விடைகளுக்கேற்பக் கணினியே அடுத்த வினாவைத் தெரிவு செய்கிறது. இவற்றுக்கிடையே, ஒரே நோயாளியின் கதையைத் தந்து ஆறு வினாக்கள் கேட்கும் தொகுதிகள் மூன்று வரும். கவனிக்க வேண்டிய அறிகுறி எது, அது எதைக் காட்டுகிறது, முதலில் அஞ்ச வேண்டிய ஆபத்து எது, என்னென்ன செய்யலாம், எதை உடனே செய்வது, செய்தது பலித்ததா என்பதே அந்த ஆறின் ஒழுங்கு. மனப்பாடம் இதில் பாதி தூரந்தான் கைகொடுக்கும்.

நம் தோட்டங்களில் அடிக்கடி நடப்பதையே எடுத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கையில் குளவிக் கொட்டுக்கு இலக்கான ஐம்பது வயதுப் பெண் ஒருவரை வாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையும் முகமும் வீங்கியிருக்கின்றன, வலி பொறுக்காமல் அழுகிறார், நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர், குரல் கரகரக்கிறது, நாடி நிமிடத்துக்கு 128, குருதி அமுக்கம் 84க்கு 50. பாடத்தை மட்டும் படித்தவர் வலியையும் வீக்கத்தையும் நீரிழிவையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பார். வாட்டில் பழகிய தாதிக்கோ கரகரத்த குரலும் விழுந்துவிட்ட அமுக்கமுமே முதலில் கண்ணில் படும், ஏனெனில் குரல் மாறுவது சுவாசப்பாதை வீங்குவதன் அடையாளம், அமுக்கம் விழுவது ஒவ்வாமை உடல் முழுவதும் பரவிவிட்டதன் அடையாளம். அந்தப் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஏற்றும் அட்ரினலின், வளர்ந்தவருக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம் வரை. ஒவ்வாமைக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து அதற்குப் பின்னர்தான். அது மூடிவரும் தொண்டையைத் திறக்காது. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும், திடீரென எழுந்து நிற்க விடக்கூடாது, ஐந்து நிமிடங்களில் தேறாவிட்டால் ஊசியை மீண்டும் ஏற்றுவதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். தேறிய பிறகும் சில மணித்தியாலங்கள் கழித்து அதே நிலை திரும்பக்கூடும் என்பதால் உடனே வீட்டுக்கு அனுப்புவது பிழை. மேலே சொன்ன ஆறு வினாக்களும் இந்த ஒரு நோயாளியிடமே அடங்கிவிடுகின்றன.

நல்லதுபோல் தோன்றும் அறிகுறி சில வேளைகளில் கெட்டதாக இருக்கும் என்பதும் இப்படித்தான் பழகும். டெங்கு நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் ஆறுதலடைவார்கள். குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியும் ஆபத்தான 24 முதல் 48 மணித்தியாலங்கள் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகின்றன. குருதி அமுக்கத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்குமான இடைவெளி 20க்குக் குறுகி வருவதை உங்கள் மகள் பதுளையிலோ கண்டியிலோ ஒரு நோயாளியிடம் தானே அளந்து கண்டிருந்தால், வெப்பமானியின் இறக்கத்தைப் பார்த்து ஏமாறமாட்டார். அமெரிக்கப் பரீட்சையில் டெங்கு வருவது அரிதாகவே இருக்கலாம், ஆனால் அந்தப் பார்வை எல்லா வினாக்களுக்கும் வேண்டும்.

வாட்டு கற்றுத்தராதவையும் உண்டு, அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். நாம் அட்ரினலின், பரசிட்டமோல், சல்பியூட்டமோல் என்பவற்றை அங்கே எபிநெப்ரின், அசெட்டமினோபென், அல்பியூட்டரோல் என்கிறார்கள். வேலையைப் பகிர்ந்தளிக்கும் முறையும் வேறு: நிலை சீரான நோயாளியைக் குளிப்பாட்டுவதையும் நடக்க வைப்பதையும் உதவியாளரிடம் விடலாம், நோயாளியை மதிப்பிடுவதையும் நோய் பற்றி அவருக்குக் கற்பிப்பதையும் பதிவுபெற்ற தாதி விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறையால் சிற்றூழியரிடம் பலதையும் விட்டுப் பழகியவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். பொருத்தமான அனைத்தையும் தெரிவு செய்யும் வினாக்களில் சரியான தெரிவுக்கு ஒரு புள்ளி கூடுவதுபோலவே தவறான தெரிவுக்கு ஒரு புள்ளி குறையும் (சுழியத்துக்குக் கீழே போகாது), ஆகையால் சந்தேகமானதையும் சேர்த்துக் குறித்துவைக்கும் பழக்கத்தை மகள் கைவிட வேண்டும்.

அவர் செய்யத்தக்கது இதுதான். கடமை பொறுப்பேற்கும்போது ஒரு நோயாளியைத் தெரிந்துகொண்டு, இவருக்கு இன்று எது பிழையாகிப்போகலாம், அப்படியானால் முதலில் எந்த அடையாளம் தெரியும், அப்போது வைத்தியரை அழைப்பதற்கு முன் தன் கையாலேயே செய்யக்கூடியது என்ன என்று சிறு குறிப்புப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதட்டும். கடமை முடிகையில் அதை நடந்ததோடு ஒப்பிடட்டும். நோயாளியின் பெயரோ கட்டில் இலக்கமோ அதில் இருக்கக் கூடாது, படமெடுத்து வட்ஸ்அப்பில் பகிரவும் கூடாது. ஆங்கிலத்தில் நீண்ட பந்திகளை வாசிக்கும் வேகம் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பழக்கம் அதற்கும் உதவும். தோட்டத்துப் பெண்கள் தம் வேதனையைத் தம் பேச்சிலேயே சொல்லக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு உங்கள் மகளுக்கு இயல்பாகவே இருக்கிறது, அதைச் சிறிதாக நினைக்க வேண்டாம்.

ஓய்வு நாள்களில் மாதிரி வினாக்களைச் செய்யும்போது எண்ணிக்கையைத் துரத்தாமல், ஒவ்வொரு பிழையையும் எந்த இடத்தில் விட்டார் என்று பார்க்கச் சொல்லுங்கள். அறிகுறியைக் காணாமல் விட்டாரா, கண்டும் முன்னுரிமையைப் பிழைவிட்டாரா என்பது தெரிந்தால் எதைத் திருத்துவது என்பதும் தெரிந்துவிடும். இரவுக் கடமை முடித்து வந்த அன்று புத்தகத்தைத் தொட வேண்டாம், தூங்கட்டும்.

இந்தச் செலவுக்கு நகையை அடகு வைக்கும் உங்கள் யோசனை பற்றி ஒன்று. பரீட்சைப் பதிவுக்கு 200 டொலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு மேலதிகமாக 150 டொலர், அதற்கு மேல் சான்றிதழ் மதிப்பீடும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையும் பயணமும் இருக்கின்றன. சித்தியடையாவிட்டால் மீண்டும் எழுத 45 நாள்கள் பொறுக்க வேண்டும், கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். ஆகவே மாதிரிப் பரீட்சைகளில் தொடர்ந்து நிலையான புள்ளி கிடைக்கும் வரை திகதி எடுக்க வேண்டாம். வேலை உறுதி என்று சொல்லி முற்பணம் கேட்கும் முகவர் எவருக்கும், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருடைய அனுமதிப்பத்திரத்தை நீங்களே சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.