தேறிவிட்ட அப்பாவுக்கு மூன்றாம் நாள் தலை ஏன் நிற்கவில்லை?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் எங்களுக்குப் பருத்திக் காடு. மதியம் வரை குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த அப்பா வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, எச்சில் வழிய விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டார்கள், மறுநாளே உட்கார்ந்து பேசினார். மூன்றாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, மூச்சும் திணறியது. வென்டிலேட்டரில் 11 நாள் இருந்து வீடு வந்துவிட்டார். தேறியவருக்கு ஏன் இப்படி ஆனது? மறுபடி எப்போது மருந்து அடிக்கலாம்?

பதில்: அப்பா வீடு வந்து சேர்ந்ததில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. சிகிச்சை சரியாக நடந்தாலும் சிலருக்கு இது வரத்தான் செய்யும்.

நரம்பும் தசையும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை, நடுவில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலின் என்ற ரசாயனம் கசிந்து தசையில் உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். வேலை முடிந்த அசிடைல்கோலினை உடனே உடைத்து அப்புறப்படுத்த கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி அங்கேயே இருக்கிறது, ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கில் உடைக்கும். வயலுக்குத் தண்ணீர் பாய்வதோடு வடியவும் வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அடைப்பது இந்த வடிகாலைத்தான். தண்ணீர் தேங்கிய வேர்போல ஆகிவிடுகிறது தசை: முதலில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கும், அப்புறம், முந்தைய கட்டளையே இன்னும் நீங்காததால் அடுத்த கட்டளையை வாங்க முடியாமல் தளர்ந்துவிடும்.

சரி, அப்படியென்றால் இரண்டாம் நாள் எப்படிப் பேசினார்? அதே அசிடைல்கோலின் சுரப்பிகள், குடல், இதயம், மூச்சுக்குழல் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது, ஆனால் அங்கிருக்கும் ஏற்பி வேறு வகை. அட்ரோபின் ஊசி அந்த வகையை மட்டும்தான் மறைக்கும். நுரையீரலில் கோத்த நீர் வற்றியதும், இறங்கிய நாடி ஏறியதும் அதனால்தான், உயிரைக் காப்பாற்றியதும் அதுதான். தசையின் ஏற்பியை அது தொடுவதே இல்லை. வெளியே எல்லாம் காய்ந்து ஆள் தெளிவாக இருக்க, நரம்பும் தசையும் சேரும் இடத்தில் மட்டும் தேக்கம் அப்படியே நின்று, கழுத்து, தோள், தொடை, கடைசியில் மூச்சுவிடும் தசைகள் என்று ஒவ்வொன்றாக ஓய்கின்றன. விஷம் ஏறிய 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் இந்தத் தளர்ச்சியை 1987இல் தனியாக அடையாளம் கண்டு எழுதியவர்கள் இலங்கை மருத்துவர்கள். இடைநிலை நோய்க்குறி என்று அதற்குப் பெயர்.

பிராலிடாக்சைம் என்ற ஊசி நொதியிலிருந்து விஷத்தைப் பிடுங்கப் பார்க்கும். ஆனால் நேரம் ஆக ஆக அந்தப் பிணைப்பு இறுகிவிடும். மோனோகுரோட்டோபாஸ் வகையில் சில மணி நேரத்திலேயே இறுகும், குளோர்பைரிபாஸ் வகையில் கொஞ்சம் அவகாசம் உண்டு. இறுகிவிட்டால் உடம்பு புது நொதி செய்துகொண்டால்தான் வழி. (இதே நொதியை அடைக்கும் இன்னொரு வகைப் பூச்சிமருந்தான கார்பமேட் மருந்துகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகவே நொதியை விட்டுவிடும்.)

மருந்து அடிப்பது பற்றி: இப்போது வேண்டவே வேண்டாம். அடிப்பது மட்டுமல்ல, கலக்குவதும் டேங்க் கழுவுவதும் கூடாது. சிவப்பணுக்களில் உள்ள கோலினெஸ்டிரேஸ் நாளுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் மீளும், அதாவது மூன்று மாதம்கூட ஆகலாம். அதற்குள் கொஞ்சம் மருந்து பட்டாலும் பழையபடி விழுந்துவிடலாம். பரிசோதனைக்குப் போகும்போது சிவப்பணு அளவைக் கேளுங்கள், ஏனென்றால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் உள்ள அளவு நாலைந்து வாரத்திலேயே சரியாகி நம்மை ஏமாற்றும். இந்த வாரங்களில் கெண்டைக்கால் வலித்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ, நடக்கும்போது பாதம் தொங்கினாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். விஷம் வேறொரு நொதியைத் தாக்குவதால் வருவது அது.

அக்கம்பக்கத்தில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவை லேபிளோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தேறிய பிறகும் நான்கு நாள் வரை, படுத்தபடியே தலையைத் தூக்கச் சொல்லிச் சில மணிக்கொரு முறை பாருங்கள், முடியவில்லை என்றால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். அப்பா அன்று போட்டிருந்த சட்டை இன்னும் வீட்டில் இருந்தால், அம்மாவைத் துவைக்க விடாதீர்கள், கையுறை போட்டு எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.