சாய்வு கேட்டவர்களுக்குக் கணக்கு வாத்தியார் பதில்கள்

கோபிசெட்டிபாளையம், பத்தாம் வகுப்பு மாணவி: சார், (−2, 5), (4, −7) வழியாகப் போகும் கோட்டுக்குச் சாய்வு எனக்கு 2 வருதுங்க. விடையில் −2 இருக்குது.

விடைதான் சரி, அம்மிணி. சாய்வு என்றால் உயர வித்தியாசத்தை (y) மேலே போட்டு, கிடை வித்தியாசத்தால் (x) வகுப்பது. மேலே 5-இலிருந்து −7-ஐக் கழித்து 12 எடுத்திருப்பாய். கீழே 4-இலிருந்து −2-ஐக் கழித்து 6. மேலே முதல் புள்ளி, கீழே இரண்டாவது புள்ளி என்று தாவிவிட்டாய். எதில் வேண்டுமானாலும் ஆரம்பி, ஆனால் இரண்டு இடத்திலும் அதே புள்ளியில் ஆரம்பி. −12-ஐ 6-ஆல் வகு, −2. திருப்பிப் போட்டு 12-ஐ −6-ஆல் வகுத்தாலும் −2தான். புள்ளி வைத்துப் பார், கோடு வலப்பக்கம் போகப் போக இறங்கும். பிறகு எப்படி மிகை எண் வரும்?

பெருந்துறை: (3, 1), (3, 9)-க்குச் சாய்வு 0 தானுங்களே?

இல்லைங்க. 0 கீழே வருகிறது. 8-ஐ 0-ஆல் வகுக்க முடியாது. 'வரையறுக்கப்படவில்லை' என்று எழுதுங்கள். படுக்கைக் கோட்டுக்குத்தான் 0.

சென்னிமலை: (1, 4), (3, 8), (6, க) ஒரே கோட்டில் இருந்தால் க எவ்வளவு? மூன்று புள்ளிகளின் முக்கோணப் பரப்பு 0 என்று போட்டுத்தான் பார்க்கணுங்களா?

எதற்கு அவ்வளவு சுற்று? முதல் இரண்டிலேயே சாய்வு 2 என்று தெரிகிறது. 3-இலிருந்து 6-க்கு 3 கட்டம் போனால் 6 ஏறும். க = 14.

மேட்டுப்பாளையம்: ஊட்டி மலை ரயில் பாதை 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் என்கிறார்கள். நான் போட்டால் பாதிதான் வருது.

இரண்டும் சரிதான். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2200, ஏற்றம் 1870. தூரம் 46 கிலோமீட்டர். அதை 46000 மீட்டர் ஆக்கிக்கொண்டீர்கள் பாருங்கள், பலர் வழுக்குவது அங்கேதான். வகுத்தால் 0.04, அதாவது ஏறக்குறைய 25-க்கு 1. ஆனால் இது இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டின் சாய்வு. நடுவில் பாதை என்ன செய்கிறது என்று அது சொல்லாது. கல்லாறு வரை பெரிய ஏற்றமில்லை. கல்லாறு–குன்னூர் இடையேதான் 12-க்கு 1 வரும். அதனால்தான் அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. (46 கிலோமீட்டர் என்பது தண்டவாள நீளம், கிடைத் தூரம் அல்ல. 12-க்கு 1 ஏற்றத்திலேயே வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை, விடுங்கள்.)

காரமடை: அப்போ இறங்குறப்ப சாய்வு குறை எண் ஆயிடுங்களா?

மேட்டுப்பாளையத்தை 0 என்று வைத்த படமே இருந்தால் ரயில் எந்தப் பக்கம் ஓடினாலும் கோடு அதேதான், சாய்வும் மாறாது. ஊட்டியை 0 ஆக்கித் தூரத்தை அங்கிருந்து அளந்தால் −0.04.