தோல்வியே காணாத குத்துச்சண்டை வீரர்தான் மாபெரும் வீரரா?

"மேவெதர் 50-0 (50 வெற்றி, தோல்வி பூஜ்யம்). சுகர் ரே ராபின்சன் 19 முறை தோற்றவர். அப்படியிருந்தும் விவரம் தெரிந்தவர்கள் ராபின்சனையே முதலிடத்தில் வைக்கிறார்களே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி நாட்களில் எனக்கும் அந்தப் பூஜ்யத்தின் மேல் பெரிய மயக்கம் இருந்தது. தோற்றவனை எப்படிப் பெரியவன் என்பீர்கள் என்று நண்பர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

மயக்கம் தெளிந்தது 2015 மே 3, ஞாயிற்றுக்கிழமை காலை. மேவெதர், பாக்கியாவ் மோதல். லாஸ் வேகாஸில் சனி இரவு, நமக்கு டிபன் நேரம். பாக்கியாவ் ரசிகரான சித்தப்பாவை எழுப்பி டிவி முன்னால் உட்கார வைத்தேன். பன்னிரண்டு ரவுண்டு முடிந்து மேவெதர் புள்ளிக்கணக்கில் வென்றார். நான் எழுந்து கைதட்ட, சித்தப்பா "இதுக்காடா என்னை எழுப்பினே?" என்றார். பிறகு அவர் கேட்டதுதான் இன்றுவரை மனதில் நிற்கிறது: "இந்தச் சண்டை ஏன் அஞ்சு வருசம் முன்னாடி நடக்கலை?"

2009 கடைசியிலேயே இந்த மோதலுக்குப் பேச்சு நடந்தது. ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனை விஷயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போகாமல் முறிந்தது. தவறு யார் மேல் என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ரிங்குக்குள் வந்தபோது பாக்கியாவுக்கு 36 வயது. 2012 டிசம்பரில் மெக்சிகோ வீரர் மார்க்கெஸிடம் நாக் அவுட் ஆகி முகம் குப்புற விழுந்தவர். மேவெதரின் 48-வது வெற்றியாக ரெக்கார்டில் பதிவாகியிருப்பது அந்தப் பாக்கியாவ். 2009-ல் ஓடும் ரயில்போல வந்துகொண்டிருந்த பாக்கியாவ் இல்லை. ரெக்கார்டில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே ஒரு வெற்றி.

அன்றைக்குப் பிறகு மேவெதரின் ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஐம்பதாவது ஆள் கலப்புத் தற்காப்புக் கலை (MMA) வீரர் கானர் மெக்ரெகர், 2017 ஆகஸ்ட். அவருக்கு அதுதான் தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் சண்டை! நம்மூர்க் கணக்கில், கர்நாடக சங்கீதக் கச்சேரியில் போட்டிக்கு ஒரு டிரம்ஸ் கலைஞரைக் கூப்பிட்டது மாதிரி. அவரும் கெட்டிக்காரர்தான், ஆனால் அது வேறு வித்தை. இன்னொரு பக்கம், 2002 ஏப்ரலில் மெக்சிகோ வீரர் கஸ்டீயோவோடு நடந்த முதல் சண்டையில் மேவெதர் தோற்றுவிட்டார் என்றே பார்த்தவர்களில் பலர் சொன்னார்கள். நடுவர்கள் மூவரும் மேவெதருக்குக் கொடுத்தார்கள். அவரும் அதே வருடம் டிசம்பரில் மறுபடி மோதி வென்று காட்டினார், அது பாராட்ட வேண்டியது. ஆனால் அந்த ஏப்ரல் இரவில் முடிவு மறுபக்கம் போயிருந்தால் இன்று 49-1. மேவெதரின் தடுப்பாட்டத்தில் ஒரு குண்டுமணி அளவு திறமை குறைந்திருக்குமா? தோள்பட்டையை உருட்டி அடியை வழுக்கவிடும் அந்த வித்தை அப்படியேதான் இருந்திருக்கும். குறைந்திருப்பது டிக்கெட் விலை.

இந்தப் பூஜ்யத்துக்கு இவ்வளவு மவுசு வந்ததே காசு கொடுத்து டிவியில் பார்க்கும் காலத்தில்தான் என்பது என் எண்ணம். வருடத்துக்கு இரண்டே சண்டை போடுகிறவர் ஒன்றில் தோற்றால் அடுத்ததற்குக் கூட்டம் சேராது. அதனால் எதிராளியைத் தேர்ந்தெடுப்பதே தனிக் கலையாகிவிட்டது. 1940-களில் பெரிய வீரர்களே மாதம் ஒன்று, இரண்டு என்று சண்டை போட்டார்கள். வயிற்றுப்பாடு. தோற்றால் அடுத்த வாரம் வேறு ஊர், வேறு ரிங்.

ராபின்சனுக்கு வருகிறேன். 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட். அதுவரை அவர் 40-0. எதிரே ஜேக் லமோட்டா, ராபின்சனைவிட ஏறத்தாழ 16 பவுண்டு எடை கூடியவர். எட்டாவது ரவுண்டில் ராபின்சனைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளிவிட்டார் லமோட்டா. மணி அடித்ததால் தப்பினார். பத்து ரவுண்டு முடிவில் தோல்வி, நாற்பதோடு பூஜ்யம் போயிற்று.

இன்றைய வீரராக இருந்தால் ஒரு வருடம் ஓய்வு, புதுப் பயிற்சியாளர், சுலபமான எதிராளி. ராபின்சன் என்ன செய்தார் தெரியுமா? பிப்ரவரி 26-ம் தேதி, மூன்றே வாரத்தில், அதே டெட்ராய்ட்டில், அதே லமோட்டாவோடு மறுபடி ஏறினார். ஜெயித்தார். இடையில் வேறொருவரோடும் ஒரு சண்டை! இருவரும் மொத்தம் ஆறு முறை மோதினார்கள், ஐந்து ராபின்சனுக்கு. அந்த முதல் தோல்விக்குப் பின் எட்டு வருடத்துக்கும் மேலாக, 91 சண்டைகளில், யாராலும் அவரைத் தோற்கடிக்க முடியவில்லை. 1951 ஜூலையில் லண்டனில் பிரிட்டன் வீரர் ராண்டி டர்ப்பின் அவரைத் தோற்கடித்து மிடில்வெயிட் உலகப் பட்டத்தைப் பறித்தார். 64-வது நாள் நியூயார்க்கில் 60,000-க்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன், கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் வழிய, பத்தாவது ரவுண்டில் டர்ப்பினை முடித்துப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

அந்த 19 தோல்விகள்? 1952 கடைசியில் முதல்முறை ஓய்வு அறிவித்தபோது அவர் பெயரில் இருந்தவை மூன்றே மூன்று. மற்ற 16-ம், பணமுடையால் 1955-ல் திரும்பி வந்து, 44 வயது வரை ஆடியதில் சேர்ந்தவை. அந்த இரண்டாம் காலத்திலும் மிடில்வெயிட் பட்டத்தை மீண்டும் மீண்டும் பிடித்தவர். 1952-லேயே ஒரேயடியாகப் போய்விட்டிருந்தால் ரெக்கார்டு பளபளவென்று இருந்திருக்கும். எண்ணை மட்டும் பார்க்கிறவர் மனிதன் 40 வயதுக்கு மேல் வாடகைக்காக வாங்கிய அடியையும் சேர்த்துக் கழித்துவிடுகிறார்.

உங்கள் கணக்குப்படி வேறொரு சங்கடமும் உண்டு. தாய்லாந்தின் வன்ஹெங் மேனயோதின் 54-0 வரை போனார். 105 பவுண்டு பிரிவில் உலக சாம்பியன். 2020 நவம்பரில்தான் முதல் தோல்வி. அதற்கு முந்தைய நாள் வரை அவர் மேவெதரைவிடப் பெரியவரா? யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த 54 பேரில் பலரின் பெயர் பாக்ஸிங் பித்தர்களுக்கே தெரியாது. எண் பெரிதாக இருந்தபோதே அந்த எண்ணை யாரும் நம்பவில்லை.

சரி, பூஜ்யத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ 49-0, அதில் 43 நாக் அவுட். அவர் வென்ற பெரிய பெயர்களெல்லாம் வயதானவர்கள் என்று குறை சொல்வார்கள்: ஜோ லூயிஸுக்கு 37, வால்காட்டுக்கும் ஆர்ச்சி மூருக்கும் 38. உண்மைதான். ஆனால் 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியாவில் அவர் பட்டம் வென்ற இரவைப் பாருங்கள். முதல் ரவுண்டிலேயே வால்காட் அவரைக் கீழே தள்ளினார். பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் மார்சியானோ பின்னால். பதின்மூன்றாவதில் ஒரே ஒரு வலது கைக் குத்து. வால்காட் கயிற்றில் கை மாட்டியபடி மெல்லச் சரிந்தார். 1954-ல் முன்னாள் சாம்பியன் எஸ்ஸார்ட் சார்லஸுடன் நடந்த இரண்டாவது சண்டையில் மார்சியானோவின் மூக்கே பிளந்துவிட்டது. நடுவர் நிறுத்திவிடுவாரோ என்ற நிலையில் எட்டாவது ரவுண்டில் முடித்தார். இவை அந்தப் பூஜ்யத்துக்கு அவர் கொடுத்த விலை. எதிராளியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றிய பூஜ்யமும் இதுவும் ஒன்றல்ல.

இருந்தாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மார்சியானோவின் கடைசிச் சண்டை 1955 செப்டம்பர் 21. சரியாக முப்பது வருடம் கழித்து, 1985 செப்டம்பர் 21 அன்று, 48-0 என்று நின்ற ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸ் அந்த 49-ஐத் தொட மைக்கேல் ஸ்பிங்க்ஸோடு ரிங் ஏறினார். வயது 35. பதினைந்து ரவுண்டு. இரண்டு நடுவர்கள் 143-142, மூன்றாமவர் 145-142, மூவருமே ஸ்பிங்க்ஸுக்கு. ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 என்ற கணக்கில், 143-142 என்றால் எட்டு ரவுண்டு ஸ்பிங்க்ஸுக்கு, ஏழு ஹோம்ஸுக்கு. அந்த இரு நடுவர்களும் ஒரே ஒரு ரவுண்டை மாற்றி எழுதியிருந்தால் ஹோம்ஸும் 49-0. மார்சியானோ 32 வயதில் கையுறையைக் கழற்றிவிட்டார். ஹோம்ஸ் 35 வயதிலும் ரிங்கில் நின்றார்.

என் ஹெவிவெயிட் பட்டியலில் ஐந்து முறை தோற்ற முகமது அலி முதலில், 1936-ல் ஜெர்மனியின் ஷ்மெலிங்கிடம் விழுந்து 1938-ல் முதல் ரவுண்டிலேயே அவரை முடித்த லூயிஸ் அடுத்து, பிறகு ஹோம்ஸ். மார்சியானோ அவருக்கு ஒரு படி கீழே. சித்தப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பட்டியலில் எல்லா எடைப் பிரிவிலும் பாக்கியாவ்தான்.