தொற்றாத வேரும் பச்சையாக ஒளிர்கிறதே!

வணக்கம் நண்பரே. ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) மரபணு ஏற்றிய ஃபியூசேரியம் என்ற வாடல் நோய்ப் பூஞ்சையைத் தக்காளி வேரில் தொற்ற வைத்தீர்கள், ஆனால் பூஞ்சை படாத செடியின் வேரும் பச்சையாகவே தெரிகிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் செடியின் சொந்த ஒளிர்வுதான். நீரைக் கடத்தும் சைலக் குழாய்ச் சுவரில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் ஃபீனால் பொருட்களும் நீல ஒளி பட்டால் தாமாகவே ஒளிரும். வாடல் நோய்ப் பூஞ்சை குடியேறுவதும் அதே குழாய்க்குள். இடம் அப்படி!

முதலில் நுண்ணோக்கியின் ஃபில்டரைப் பாருங்கள். லாங்பாஸ் (ஓர் அலைநீளத்துக்கு மேலுள்ள ஒளியையெல்லாம் விடுவது) என்றால் மாற்றிவிடுங்கள். ஜிஎஃப்பியின் உச்சம் 509 நானோமீட்டர் அருகில் இருப்பதால் 500–530 பேண்ட்பாஸ் (அந்த இடைவெளி ஒளியை மட்டும் விடுவது) போதும். வேரை எத்தனாலில் போடாதீர்கள், ஜிஎஃப்பி மங்கிவிடும். திசுவைப் பதப்படுத்தும் குளூட்டரால்டிஹைடோ செடியின் ஒளிர்வைக் கூட்டும். உயிருள்ள வேரைச் சீவி உடனே பார்ப்பதே நல்லது.

அப்புறம், பலர் விட்டுவிடும் ஒன்று: ஜிஎஃப்பி ஏற்றாத அதே பூஞ்சையைத் தொற்ற வைத்த ஒரு செடியும் வேண்டும். தாக்கப்பட்ட இடத்தில் செடி தற்காப்புக்காக ஃபீனாலைக் குவிக்கும், அதுவும் ஒளிரும். நலமான வேரை மட்டும் ஒப்பிட்டால் இது பிடிபடாது.

இதற்கும் சரிவராவிட்டால் சிவப்பாக ஒளிரும் எம்செர்ரி புரதத்துக்கு மாறுங்கள். வேரில் பச்சையம் இல்லாததால் சிவப்பு அலைவரிசையில் தொந்தரவு குறைவு. இலையில் பார்ப்பதானால் 680 நானோமீட்டர் பக்கம் போகாதீர்கள், அங்கே பச்சையத்தின் ஒளிதான் நிறைந்திருக்கும்.

புதிய மரபணு பூஞ்சையின் டிஎன்ஏவில் எங்கே போய் உட்கார்ந்தது என்று சொல்ல முடியாது. அதனால் மாற்றிய பூஞ்சை பழையபடியே நோய் உண்டாக்குகிறதா என்றும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.