நோர்வே மலைப் பூவும் உப்புவெளி வெயிலும்

அன்பின் ஐயா,

நோர்வேயில் இருக்கும் அண்ணா, மலையில் எடுத்த படமொன்றை அனுப்பியிருந்தார். பாறையோடு ஒட்டிப் படர்ந்த சிறு செடி. எட்டு இதழ்களுடன் வெள்ளைப் பூக்கள். பெயர் டிரையாஸ் என்றும் ரோசாக் குடும்பம் என்றும் எழுதியிருந்தார். விதை அனுப்பினால் எங்கள் வளவில் வளருமா? பூமி வரலாற்றில் ஒரு கடுங்குளிர்க் காலத்துக்கே இதன் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது உண்மையா?

திருகோணமலை, உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விதை முளைத்தாலும் செடி பிழைக்காது. அதற்குப் பிடித்தமான சுண்ணாம்பு மண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்துவிடலாம். மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான உப்புவெளியில் குளிருக்கு எங்கே போவது? ஆர்க்டிக் கரைகளிலும் அல்ப்ஸ் உயரங்களிலும் வாழும் டிரையாஸ் ஒக்டோபெட்டலாவின் உடலமைப்பே வெப்பத்தைச் சேமிப்பதற்கானது. காற்றுக்குத் தப்பத் தரையோடு படர்கிறது. பனிக்காலத்திலும் இலைகளைக் கைவிடுவதில்லை. பூக்கள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, கிண்ணம்போன்ற இதழ்களால் வெயிலை நடுவே குவிக்கின்றன. பூவின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சில பாகை சூடாவதால், பூச்சிகள் அங்கே வந்து குளிர்காய்கின்றன. கச்சான் வீசும் ஆடி மாதத்தில் உங்கள் வளவில் அந்தத் திறமை யாருக்கு வேண்டும்?

உங்கள் இரண்டாவது கேள்வியே எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஆம், உண்மைதான். டென்மார்க்கின் அல்லரோட் என்னுமிடத்துக் களிமண் குழியை ஆராய்ந்த ஹார்ட்ஸ், மில்தெர்ஸ் இருவரும், பேர்ச் மரங்களின் எச்சங்கள் கொண்ட அடுக்கொன்றுக்குக் கீழே மட்டுமன்றி மேலேயும் டிரையாஸ் இலைகள் இருந்ததை 1901இல் எழுதினார்கள். பனியுகம் முடிந்து மரங்கள் வளரத் தொடங்கிய நிலத்துக்கு மீண்டும் கடுங்குளிர் வந்திருந்தது என்பதே அதன் பொருள். சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த அக்காலத்தையே இளைய டிரையாஸ் என்கிறார்கள். கண்ணைக் கவர்வது பூவானாலும் வரலாற்றுக்குச் சாட்சி சொன்னது, தடித்துச் சுருண்டு சேற்றில் அழியாமல் கிடந்த அந்தச் சிறிய இலைதான். அப்போது கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 60 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக்கு நீரிணை தரையாகவே இருந்ததால், மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். (தோணி ஓட்டுபவர்களுக்குத்தான் பிழைப்பு இருந்திருக்காது.)

ஆகவே விதை கேட்காதீர்கள். அனுமதியின்றி அதைத் தபாலில் அனுப்புவதும் முறையல்ல. ரோசாக் குடும்பச் செடிதான் வேண்டுமென்றால், சாடியில் ஒரு ரோசாவை நட்டு, கச்சான் காலத்தில் மதிய நிழலில் வையுங்கள். அடுத்த முறை மலையேறும்போது இலையின் அடிப்புறத்து வெண்மயிரையும், பூ முடிந்தபின் இறகுபோல் விரியும் விதைத்தலையையும் படமெடுத்து அனுப்பும்படி அண்ணாவிடம் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.