கதவுக்கு இந்தப் பக்கம் புருனோ, அந்தப் பக்கம் பூனைக்குட்டி

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இரண்டு அறை வீடு. எங்களிடம் ஐந்து வயது நாய் ஒன்று இருக்கிறது, பெயர் புருனோ. போன வெள்ளிக்கிழமை ரியூஷன் முடிந்து மழைக்குள் வந்த மகள், ஓட்டோவுக்குக் கீழே நின்று கத்திய ஒரு பூனைக்குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு இரண்டு மாதம் இருக்கும். சின்ன அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். புருனோ இரவிரவாகக் கதவடியில் படுத்து முனகுகிறான். "ரெண்டையும் ஒண்டா விடுங்கோ, ரெண்டு நாளில தானாப் பழகும்" என்கிறார் மாமி. எனக்குப் பயமாக இருக்கிறது. குட்டியைப் பிடிக்கும்போது மகளின் கையிலும் சின்னக் கீறல் விழுந்திருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, கொழும்பு 13

பதில்: முதலில் மகளின் கை. கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்ததால் இதை உங்களுக்கு உடனேயே சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக மறுபடி எழுதுகிறேன். விசர்நாய்க்கடி என்று பெயர் இருந்தாலும் அந்த நோய் பூனையாலும் வரும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டி கீறினால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். நாலு நாள் பிந்தியிருந்தாலும் போகத்தான் வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கான தடுப்பூசி இலவசம்.

இனி புருனோவின் விஷயத்துக்கு வருகிறேன். மாமி சொல்வதை நான் தட்டிவிட மாட்டேன். ஊரில் அப்படித்தான் பழகின. ஆனால் அங்கே ஒரு முற்றம் இருந்தது, கிணற்றடி இருந்தது, நாய் துரத்தினால் ஏறிக்கொள்ள ஒரு மாமரம் இருந்தது. போதாததற்குத் தாய்ப்பூனையும் பக்கத்திலேயே நின்றது. பழகாவிட்டால் விலகிப் போக இடம் இருந்தபடியால்தான் அவை பழகின. மூன்றாம் மாடியில் கதவைச் சாத்தினால் குட்டி எங்கே ஓடும்? ஓடுகிற சின்னப் பிராணியைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். புருனோ விளையாட்டுக்கு ஒரு தரம் கவ்வினாலே இரண்டு மாதக் குட்டி தாங்காது.

நான் செய்த பிழையையும் சொல்கிறேன். வெள்ளவத்தையில் ரெக்ஸ் என்று ஒரு நாய் வளர்த்தோம், நல்ல சாது. மணி என்ற குட்டி வந்த முதல் நாளே, ஆசையில் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் ரெக்ஸின் மூக்குக்கு நேரே பிடித்தேன். அந்த ஒரு விநாடியில் மணி பந்துபோல் உப்பியது, சீறியது, என் தோளில் ஏறி குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் பாய்ந்துவிட்டது. ரெக்ஸின் கறுத்த மூக்கில் நூல் இழுத்தாற்போல ஒரு சிவப்புக் கோடு. டோர்ச் அடித்துப் பார்த்தால், சூடான கம்பிகளுக்கும் சுவருக்கும் நடுவில் தூசி ஒட்டிய இரண்டு பச்சைக் கண்கள் மட்டும் தெரிந்தன. அவித்த மீன் வைத்தும் மறுநாள் மத்தியானம் வரை மணி வெளியே வரவில்லை. அதைவிடக் கவலை என்னவென்றால், அதற்குப் பிறகு இரண்டு மாதம் மணி உள்ளே வந்தால் ரெக்ஸ் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவான். அவனுடைய வீட்டிலேயே அவனுக்கு இடமில்லாமல் செய்துவிட்டேன்.

அதனால் நான் முக்கியமாகச் சொல்வது இதுதான்: குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நாய்க்குக் காட்டாதீர்கள். கைக்குள் இருக்கிற பூனைக்குத் தப்ப வழியில்லை. நான்கு காலும் நிலத்தில் இருக்க, பின்னால் திறந்த கதவு ஒன்றும் இருக்க, கிட்டப் போவதா விலகுவதா என்பதை அதுவே முடிவு செய்யட்டும்.

குட்டியை அறைக்குள் வைத்தது மிகச் சரி. தண்ணீர், சாப்பாடு, ஒளிந்துகொள்ள ஒரு கார்ட்போர்ட் பெட்டி, தூர மூலையில் மலசலம் கழிக்க மண் போட்ட தட்டு, இவ்வளவும் உள்ளேயே இருக்கட்டும். ஒரு கிழமையாவது அப்படியே விடுங்கள். அதற்குள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் பூச்சி மருந்து, தெள்ளுக்கு மருந்து, தடுப்பூசி எல்லாம் கேட்டுவிடுங்கள். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும், பிறகு சில வார இடைவெளியில் திரும்பப் போடுவார்கள். வட்டமாக முடி கொட்டிய இடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். படர்தாமரை என்றால் அது புருனோவுக்கும் வரும், பிள்ளைக்கும் வரும்.

இந்த நாட்களில் அவை ஒன்றையொன்று மூக்கால் அறியட்டும். குட்டி படுத்த துவாயைப் புருனோவின் பாய்க்குப் பக்கத்தில் போடுங்கள், அவனுடைய பழைய துணியைக் குட்டியின் பெட்டிக்குள் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில், கதவின் இரண்டு பக்கத்திலும் சாப்பாடு கொடுங்கள். முதலில் கொஞ்சம் தள்ளி வைத்து, நாளுக்கு நாள் கதவை நெருங்கி வாருங்கள். அடுத்ததாக, புருனோ கீழே நடக்கப் போயிருக்கும் நேரத்தில் குட்டியை ஹோலில் உலாவ விடலாம். அதற்கு முன் பல்கனியிலும் யன்னல்களிலும் வலை அடித்துவிடுங்கள். மூன்றாம் மாடி அது.

முகம் பார்க்கும் நாளில் புருனோ நன்றாக நடந்து, சாப்பிட்டுக் களைத்திருக்க வேண்டும். கழுத்துப் பட்டியில் கயிறு. அதைப் பிடிக்க ஒருவர், குட்டிக்குப் பக்கத்தில் இன்னொருவர். ஐந்து நிமிடம் போதும். குட்டியைப் பார்த்துவிட்டு அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, அந்த நொடியே அவித்த கோழியில் ஒரு துண்டு கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் அவனுக்கே கணக்கு விளங்கிவிடும்.

அவன் முனகுவதால் பயப்பட வேண்டாம். உடம்பை நெளித்து, வாலைத் தாழ்வாக ஆட்டிக்கொண்டு முனகினால் அது பெரும்பாலும் ஆர்வம்தான். சத்தமே இல்லாமல், உடம்பு விறைத்து, கண் வெட்டாமல் குட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிற நாய்க்குத்தான் நான் பயப்படுவேன். அப்படி நின்றால் பேசாமல் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுங்கள், பிறகு மறுபடி கதவுக்குப் பின்னாலிருந்து தொடங்குங்கள். உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமல் அவன் தருகிற எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிப்பான்.

சரி, எத்தனை நாள் எடுக்கும்? இரண்டில் எது கூடப் பயப்படுகிறதோ அதன் வேகத்தில்தான் போக வேண்டும். சில வீடுகளில் இரண்டு கிழமை, சில வீடுகளில் மாதக் கணக்கு. நன்றாகப் பழகிவிட்டதாகத் தெரிந்தாலும், குட்டி வளர்ந்து அலுமாரிக்கு மேல் தாவுகிற வயது வரும் வரை வீட்டில் ஆள் இல்லாதபோது இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள். புருனோ வழமையாக நடக்கப் போகும் நேரம், மாலையில் உங்கள் காலடியில் படுக்கும் இடம், இதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஐந்து வருடமாக அது அவனுடைய வீடு.

கேள்வி: நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது. அளவைக் குறைத்துப் பூனைக்கும் விடலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: தயவுசெய்து வேண்டாம். நாய்க்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி இருக்கிறது. நாய் அதைத் தாங்கும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. உடம்பு நடுங்கும், வாயில் எச்சில் வடியும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். நாய்க்கு விட்ட அன்று பூனை அதை நக்கினாலும் உரசிப் படுத்தாலும் ஆபத்துத்தான். ஆகவே பூனை உள்ள வீட்டில் நாய்க்கு மருந்து வாங்கும்போதே வைத்தியரிடம் அதைச் சொல்லி வாங்குங்கள். தெரியாமல் ஏற்கெனவே விட்டிருந்தால், பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பதும் இதே மாதிரிதான், பூனைக்கு அது நஞ்சு.

கேள்வி: எங்கள் பூனைக்குட்டி நாயின் பிஸ்கட்டைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறது. அதையே கொடுத்தால் என்ன?
— வாசகி, தெகிவளை

பதில்: ஒன்றிரண்டைக் களவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அதுவே சாப்பாடாக இருக்கக் கூடாது. டோரின் என்ற சத்து பூனைக்குச் சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். நாய் உணவில் அது போதாது. நாள்பட்டால் கண்பார்வையும் இதயமும் கெடும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் உணவைக் கொடுங்கள், இடையிடையே முள் எடுத்த அவித்த மீனும் கொடுக்கலாம். பசுப்பால் வேண்டாம், வயிற்றால் போகும். பூனையின் கோப்பையை மேசை மேல் வைத்தால் நாய்க்கும் எட்டாது, குட்டியும் பயமில்லாமல் சாப்பிடும். குட்டி ஏற வசதியாகப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுவிடுங்கள்.